ஒரு வீட்டுக்கு ஒரு கை

இயேசு மரி சூசை துணை

இரண்டாம் டிவிஷன் லயம்,
லூனாஸ், கெடா.
18-10-1981

அன்பு மகள் ஜெனவீவுக்கு,

அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் உன் தம்பி மோரிசும் சுகம், அங்கே நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. இங்கே மூன்று நாளாக விடாத மழை, ரப்பர் மரமெல்லாம் நனைந்து கிடக்கிறது, பால் வெட்டு இல்லை, அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுத முடிகிறது. மோரிஸ் பிறை டவுனில் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வேறு அறை பார்த்துப் போய்விட்டான், எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்களாம், மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும் என்று நச்சரிக்கிறான், நீ ஒரு வார்த்தை எழுதிக் கண்டித்து வை, என் பேச்சு அவன் காதில் ஏறாது. என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய மருந்து தேய்த்தால் ஒரு மணி நேரம் கேட்கிறது, பிறகு பழையபடி வந்துவிடுகிறது. அது கிடக்கட்டும், இந்த வாரம் எனக்கு எந்த வலியும் தெரியவில்லை. ஏன் என்று கேள். மண்டோர் பழனியாண்டியின் கர்வத்தை இறக்கிவிட்டேன். பத்து வருஷம் காத்திருந்து, ஊர் பார்க்க, ஆள் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வைத்து இறக்கினேன். முழுதையும் எழுதுகிறேன், வார்டில் நின்றுகொண்டு படிக்காமல் அறைக்குப் போய் உட்கார்ந்து படி, ஏனென்றால் கடைசியில் உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது.

ஜூன் மாதம் நீ எழுதிய நீலக் கடிதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வழக்கமாக மோரிஸ் விலாசத்துக்குப் போடுவாய், அவன் அறை மாறிய நேரம் என்று தோட்டத்து விலாசத்துக்குப் போட்டுவிட்டாய். தோட்டத்துக்கு வரும் கடிதம் எப்படிக் கைக்கு வரும் என்று உனக்கா தெரியாது. ஆபீசிலிருந்து கட்டாக மண்டோர் பழனியாண்டி கைக்குப் போகும், விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பெயர் கூப்பிட்டு முடித்ததும் கடிதத்துக்குப் பெயர் கூப்பிடுவான். சாதாரணக் கடிதம் என்றால் யாரும் வாங்கிக்கொள்ளலாம், சர்க்கார் முத்திரை போட்டதும் வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டியதும் வீட்டு ஆம்பிளை கையில்தான் கொடுப்பான். யார் வைத்த சட்டமோ தெரியாது, அவன் அப்பன் கங்காணியாக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு, ரோசம்மா வூட்டுல ஆம்பள யாரு, மோரிசு சனிக்கிழமதான வருவான், அதுவரைக்கும் இது எம் பாக்கெட்டுல பத்திரமா இருக்கட்டும் என்றான். எனக்கு வந்ததைக் கொடு என்று கையை நீட்டினேன். அவ்வளவு அவசரமா, சரி லா, நானே படிச்சிக் காட்டுறேன், ஒம் மவ ஆப்பிரிக்காவுல எவனக் கட்டிக்கிட்டான்னு எல்லாரும் கேக்கட்டும் என்று சொல்லி, ஓரத்தைக் கிழித்து, விளக்கடியில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். நூற்றிருபது பேர் நிற்கிறார்கள். ஆம்பிளைகள் சிரிக்கத் தயாராக நிற்கிறார்கள். கையில் இருந்த வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டேன் மகளே, வைக்காமல் இருந்தால் என்ன செய்திருப்பேனோ.

அவன் நினைத்தது ஒன்று, உள்ளே இருந்தது வேறொன்று. நீ நர்சாக இருக்கும் அந்த ஆப்பிரிக்க நாட்டுப் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, உன் நாடு என்றே எழுதுகிறேன். உன் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, உன் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் பிள்ளைப்பேறு பார்த்த ரூடோ அம்மா பார்லிமெண்டில் உட்கார்ந்துவிட்டார், அவரோடு இன்னும் இரண்டு பெண்கள், ஒருத்தி ஜெயிலுக்குப் போய்வந்த டீச்சர், ஒருத்தி பசாரில் கச்சான் கடலை விற்றவள் என்று நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதைப் பழனியாண்டி தன் வாயாலேயே படித்தான். முதல் நாள் வாசல்காரன் அந்த மூன்று பேரையும் யாரோ மெம்பர் பொண்டாட்டிகள் என்று நினைத்து, வேடிக்கை பார்க்கிறவர்கள் மாடிக்குப் போங்கள் என்று கையைக் காட்டினான், அதற்கு ரூடோ அம்மா, உள்ளே உட்கார்ந்திருப்பதில் ஏழெட்டுப் பேரை நான்தான் தாய் வயிற்றிலிருந்து வெளியே எடுத்தேன், துணியில்லாமல் அவர்களைப் பார்த்தவள் நான், நகர்ந்து வழிவிடு என்றார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் கூட வெட்டும் காளியம்மா போட்டாளே ஒரு சிரிப்பு, லயத்து நாயெல்லாம் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பெண்களெல்லாம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்துவிட்டார்கள். பழனியாண்டிக்கு அப்போதுதான் தான் என்ன படிக்கிறோம் என்று உறைத்தது, மடிக்கப் பார்த்தான். ராக்காயி விடவில்லை. நல்லாத்தான படிக்கிறீங்க மண்டோரே, பாதியில நிறுத்துனா எப்பிடி, அப்புறம் என்னாச்சு அந்த அம்மாவுக்கு என்று கேட்டாள். பிறகு எல்லோரும் அப்புறம் அப்புறம் என்றார்கள். அவனும் வேறு வழியில்லாமல் படித்தான்.

வெள்ளைக்காரன் உடம்புக்குச் செய்த நாற்காலியில் ரூடோ அம்மாவுக்குக் கால் தரையில் எட்டவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து பால் டின் வந்த பலகைப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோய்க் காலுக்கு வைத்துக்கொண்டார் என்று படித்தான். பேச எழுந்தால் சபைத் தலைவர் பார்க்காதது போல வேறு ஆளைக் கூப்பிடுகிறார், உட்கார்ந்தால் மறந்தே போகிறார், அதனால் ஒரு நாள் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை, மற்ற இரண்டு பேரும் கூடவே எழுந்து நின்றார்கள், இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் நின்றார்கள், கடைசியில் அவரே கூப்பிட வேண்டியதாகிவிட்டது என்று படித்தான். அந்த நாட்டுச் சட்டத்தில் தலை நரைத்த பெண்ணும் சின்னப் பிள்ளைக்குச் சமம், ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டும் என்றாலும் அப்பனோ புருஷனோ கையெழுத்துப் போட வேண்டும், புருஷன் நூறு மைலுக்கு அப்பால் சுரங்கத்தில் இருப்பான், அவன் கையெழுத்து வருவதற்குள் தன் மேசையில் செத்துப்போன பெண்களின் பெயரை ரூடோ அம்மா ஒன்றொன்றாகச் சபையில் சொன்னார், சட்டத்தை மாற்று என்றார், நான் மாடியில் உட்கார்ந்து கேட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். அதுவரைக்கும் படித்தான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அப்போது சிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வரியை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு விழுங்கிவிட்டான், சரி சரி, வெயில் ஏறுது, மர நிரைக்குப் போங்க என்று கடிதத்தை என் கையில் திணித்தான். விடிந்தும் விடியாத நேரத்தில் என்ன வெயில். பிறகு மரத்தடியில் நின்று படித்தபோதுதான் தெரிந்தது, அடுத்த வரியில் அவன் பெயர் இருந்தது. அம்மா, அந்தப் பேச்சைக் கேட்டபோது உங்களுக்கே தெரியாமல் பழனியாண்டி மண்டோர் பாக்கெட்டில் பதினொரு நாள் கிடந்த என் கடிதம்தான் ஞாபகம் வந்தது என்று எழுதியிருந்தாய். உங்களுக்கே தெரியாமல் என்று எழுதியிருந்தாய். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

1971 ஆகஸ்டு மாதத்தை நான் மறந்தேன் என்று நினைத்தாயா. அப்பா நெஞ்சு நோயோடு கூலிம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நீ எம்.சி.இ. பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு நர்சு படிப்புக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தாய், இன்டர்வியூவுக்கு என்று வெள்ளை ரவிக்கை ஒன்றை நீயே தைத்து மடித்து வைத்திருந்தாய். அப்பா வீட்டுக்கு வந்த அன்று பழனியாண்டி சைக்கிளில் வந்து, சர்க்கார் கடிதாசி சிரிலு, ஆம்பள கையிலதான குடுக்கணும், அதான் வச்சிருந்தேன் என்று என்னமோ உபகாரம் செய்தவன் மாதிரி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனான். அலோர்ஸ்டாருக்கு நேரில் வரச்சொன்ன நாள் பதினாறு. அன்றைக்குத் தேதி பத்தொன்பது. அப்பா அந்த உறையின் மேல் 19-8-71 அன்று கையில் கிடைத்தது என்று நடுங்கும் கையால் எழுதினார். நீ மறுநாள் காலையில் என் பழைய கத்தியை எடுத்துக்கொண்டு என்னோடு பால் வெட்ட வந்தாய். இரண்டு வருஷம் வெட்டினாய். கான்வென்டு சிஸ்டர் அகத்தா மட்டும் இங்கிலாந்தில் நர்சு படிக்க வழி செய்திருக்காவிட்டால் இன்றைக்கும் பக்கத்து நிரையில்தான் நின்றிருப்பாய். அப்பா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே மூன்று மாதத்தில் போய்ச் சேர்ந்தார். நான் அதை ரொட்டி டின்னில் போட்டு வைத்தேன். பைபிளைத் தொட்ட நாளைவிட அந்த டின்னைத் தொட்ட நாள் அதிகம், அதையும் ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று.

இப்போது தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு மாதம் கிளைக் கூட்டம். பழனியாண்டிதான் மண்டோரும், அவன்தான் சங்கக் கிளைக்குத் தலைவனும், பன்னிரண்டு வருஷமாக. ஆம்பிளைகள் பெஞ்சில், நாம் பின்னால் பாயில், கூட்டம் முடிந்தால் தேத்தண்ணி ஊற்றுவது நம் வேலை. ஓட்டு என்றால் கை தூக்குவது, அதுவும் ஒரு வீட்டுக்கு ஒரு கை, ஆம்பிளை கை. புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேரும் சங்கத்தில் சேர்ந்தவர்கள்தான், சந்தா இரண்டு பேர் சம்பளத்திலும்தான் பிடிக்கிறார்கள், கை மட்டும் ஒன்று. இத்தனை வருஷம் எவளும் ஏன் என்று கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அன்றைக்குச் சுங்கைப்பட்டாணியிலிருந்து குழந்தைவேலு என்ற சங்க அதிகாரி வந்திருந்தார். பழைய தலைவரே இருக்கட்டும், கை தூக்குங்க என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன். நானும் நிக்கிறேன் எலெக்சனுக்கு என்றேன். பழனியாண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், தேத்தண்ணிக்கு இன்னும் நேரம் இருக்கு, உக்காரு ரோசம்மா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்காரவில்லை. காளியம்மா எழுந்தாள், ராக்காயி எழுந்தாள், பிறகு ஒவ்வொருத்தியாகப் பாயைவிட்டு எழுந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. ஜூன் மாதம் அவனே பெரட்டில் படித்துக் காட்டிய வித்தைதானே, அவனிடமே காட்டினோம்.

நாலு மணிக்கு நின்றோம். ஐந்தானது. தேத்தண்ணி போட ஆளில்லை. ஒருத்தி புருஷன் வந்து சோறாக்கப் போவலியா என்று அதட்டினான், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் முழங்கால் வெட்டிப்போடுவது போல வலித்தது, மாதாவே இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். ஐந்தரைக்கு அந்தக் குழந்தைவேலு பையிலிருந்து சங்கத்துச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு மெம்பருக்கு ஒரு ஓட்டுன்னுதாங்க இருக்கு, வீட்டுக்கு ஒண்ணுன்னு எங்கயும் இல்லியே, இத்தன நாளா நீங்க எப்பிடி எண்ணுனீங்க தலைவரே என்று கேட்டார். பழனியாண்டி முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். கை தூக்கச் சொன்னார்கள். பெண் கை ஒன்றுகூடக் கீழே இல்லை, நாலு ஆம்பிளைக் கையும் சேர்ந்து வந்தது, அதில் ஒன்று காளியம்மா புருஷனுடையது, அவன் பாவம் பயத்தில் தூக்கினான். அறுபத்தெட்டுக்கு நாற்பத்தொன்று. அம்மா கிளைத் தலைவி ஆகிவிட்டேன். அன்றைக்குத் தேத்தண்ணியை யார் ஊற்றினார்கள் தெரியுமா, பழனியாண்டி தம்பி ஊற்றினான், ஒரே சர்க்கரை, வாயில் வைக்க முடியவில்லை, இருந்தாலும் இரண்டு கோப்பை குடித்தேன்.

தலைவியாகி முதல் வேலையாக மானேஜர் என்சிக் ஹம்சாவிடம் போனேன். இனிமேல் தோட்டத்துக்கு வரும் கடிதத்தை மண்டோர் தொடக்கூடாது, சங்கம் வாங்கிப் பெரட்டில் கொடுக்கும், எவர் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் கையில் கொடுக்கும் என்றேன். அவருக்கு அதில் என்ன வந்தது. போலே லா மக்சிக், ஜாங்ஙான் பிசிங் என்று சொல்லிவிட்டார், சத்தம் போடாமல் செய்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். அப்படித்தான் கடிதக் கட்டு என் கைக்கு வந்தது. ஃபாதர் அந்த ஞாயிறு பிரசங்கத்தில் எதிரியை மன்னிக்க வேண்டும் என்று என்னைப் பார்த்தே சொன்னார். பூசை முடிந்து போய், மன்னிக்க முடியவில்லை ஃபாதர் என்று உள்ளதைச் சொன்னேன். மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். ஆறு சொன்னேன். அப்படியும் மன்னிக்கவில்லை.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, பத்தாம் தேதி, கட்டைப் பிரித்தால் அதில் ஒரு சர்க்கார் முத்திரைக் கடிதம். பிரேமாவதி என்று பெயர். உனக்கு அவளைச் சின்னப் பிள்ளையாகத்தான் ஞாபகம் இருக்கும், பழனியாண்டி மகள், அவன் பெண்டாட்டி நவமணி வயிற்றில் பிறந்த ஒரே பெண், இப்போது பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, நர்சு படிப்புக்கு எழுதிப்போட்டுவிட்டு, அது வரும்வரைக்கும் என் பக்கத்து நிரையில்தான் பால் வெட்டுகிறாள். கடிதத்தைக் கையில் பிடித்ததும் எனக்கு எவ்வளவு இனித்தது என்று உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆண்டவரே கொண்டுவந்து கொடுத்தார் என்று நினைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் ரொட்டி டின்னைத் திறந்து, உன் கடிதத்தின் மேலேயே அதை வைத்து மூடினேன். பதினொரு நாள் கிடக்கட்டும், ஒரு நாள் குறைய வேண்டாம், கூடவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். இருபத்தொன்றாம் தேதி நானே சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது, மோரிசைத்தான் ஓட்டச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்தேன், அவ்வளவு வெறி.

ஞாயிற்றுக்கிழமை தண்ணிக் குழாயடியில் அந்தப் பெண் வந்து நின்றாள். அத்த, எனக்குக் கடிதாசி எதுவும் வந்துச்சா என்று கேட்டாள். வரலையே என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன் மகளே, என் குடம் நிறைந்து வழிகிறது, குழாயை மூடத் தோன்றவில்லை. ஏன் என்றுதான் இப்போது சொல்லப்போகிறேன், பத்து வருஷமாகச் சொல்லாததை. உனக்கு வந்த கடிதம் எனக்குத் தெரியாமல் அவன் பாக்கெட்டில் கிடக்கவில்லை. எனக்குத் தெரியும். முதல் நாளே, ஆகஸ்டு எட்டாம் தேதி, அப்பா பெயரைக் கூப்பிட்டான், நான் போனேன், சர்க்கார் கடிதாசி, ஆம்பள வரட்டும் என்று பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். அப்போது வேலை பெர்மிட் இல்லாதவர்களை வேலையைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்த நேரம், அப்பாவுக்குக் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டை, இந்தியாவுக்குப் போ என்று சர்க்கார் எழுதியிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். கேட்கவே பயந்தேன். ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனுஷனிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நீ வாசலில் நின்று கடிதம் வந்துச்சாம்மா என்று கேட்டாய், நான் வரலையே என்றேன். பதினொரு நாளும் அதே வார்த்தை சொன்னேன். உறையை வாங்கி யார் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்திருந்தால் போதும். ஆம்பிளை கைக்குத்தான் கொடுப்பது என்று அவன் சொன்னான், நானும் அதுதான் வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் அவனைக் கறுவினேனே, அதில் பாதி என்னை நானே கறுவியது. அன்றைக்குக் குழாயடியில் என் வாயிலிருந்து வந்தது அதே வரலையேதான், அதே குரல்தான்.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்து பிரேமாவதி கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மெல்லிய உறை, பதினைந்து என்ற தேதி தெரிந்தது. வியாழக்கிழமை. உடனே ஓடிப்போய்க் கொடுத்தேன் என்று நினைக்காதே, நான் அவ்வளவு நல்லவள் இல்லை. திங்கட்கிழமைப் பெரட்டுவரைக்கும் பொறுத்தேன். பெயரெல்லாம் கூப்பிட்டு முடிந்ததும் கடைசியாகப் பிரேமாவதி என்று கூப்பிட்டேன், சர்க்கார் கடிதம் என்று சத்தமாகச் சொன்னேன். பழனியாண்டி முன்னால் வந்து கையை நீட்டினான். பொம்பள வரட்டும் என்றேன். நான் அவ அப்பன் என்றான். இதுல பிரேமாவதின்னு போட்டிருக்கு, ஒம் பேரா அது என்றேன். கையை நீட்டியபடியே நின்றான், யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று அக்கம்பக்கம் பார்த்தான். அந்தப் பெண் வரிசையிலிருந்து வந்து, அவன் நீட்டிய கையைத் தாண்டி, என்னிடம் வாங்கிக்கொண்டாள். பிரித்துப் பார்த்துவிட்டு, அத்த, வியாழக்கெழம அலோர்ஸ்டாருல இன்டர்வியூ என்று குதித்தாள். சனிக்கெழமையே வந்துருச்சு, நேத்து நீ கேட்டப்ப பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிக்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷத்தில் அது காதில் விழுந்ததோ என்னவோ.

பிறகு மடியிலிருந்து உனக்கு வந்த அந்தப் பழைய சர்க்கார் கடிதத்தை எடுத்தேன். மண்டோரே, நீங்கதான் அடுத்தவங்க கடிதாசிய நல்லாப் படிப்பீங்களே, இதையும் படிங்க என்றேன். அதைப் பார்த்ததுமே அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இங்கிலீஸு எனக்கு வராது என்று முணுமுணுத்தான். பிரேமாவதி, நான் படிக்கிறேம்ப்பா என்று வாங்கிவிட்டாள். ஒன்றும் தெரியாத பிள்ளை. இங்கிலீசில் படித்து, தமிழிலும் சொன்னாள், சிரில் மகள் ஜெனவீவ் பதினாறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நர்சு பயிற்சிக்கு நேரில் வரவும் என்று. உறையைத் திருப்பி லூனாஸ் தபால் முத்திரையில் எட்டு என்ற தேதியைப் பார்த்தாள், பிறகு அப்பா எழுதியிருந்ததைப் படித்தாள். விரல் விட்டு எண்ணினாள். அப்பா, எட்டாந்தேதி தோட்டத்துக்கு வந்த கடிதாசி பத்தொம்பதாந்தேதி வரைக்கும் எங்க இருந்துச்சு என்று கேட்டாள். பழனியாண்டி சட்டைப் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பவும் கேட்டாள், சொல்லுங்கப்பா, எங்க இருந்துச்சு. அவன் தலையைத் தூக்கவே இல்லை. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நிரைக்குப் போன பிறகும் விளக்கடியிலேயே நின்றான் என்று பின்னால் வந்த ராக்காயி சொன்னாள். பாவம் என்று நான் எழுதுவேன் என்று பார்க்காதே. எனக்கு மனசு குளிர்ந்தது.

புதன்கிழமை நவமணி வந்து, இன்டர்வியூவுக்குப் போட நல்ல ரவிக்கை இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீ தைத்து ஒரு நாளும் போடாத அந்த வெள்ளை ரவிக்கையை எடுத்து, மடிப்பு மஞ்சள் போகத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததற்குக் கோபிக்காதே. அன்பினால் கொடுத்தேன் என்றும் நினைத்துவிடாதே, அவன் கண் முன்னால் அந்த ரவிக்கையில் அவன் மகள் பஸ் ஏற வேண்டும் என்றுதான் கொடுத்தேன். ஏறினாள். அவன் வாசலில் நின்று பார்த்தான், நான் அவன் பார்ப்பதைப் பார்த்தேன். முடிவு அடுத்த மாதம் தெரியுமாம். கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன், அது மட்டும் அந்தப் பெண்ணுக்காகவே.

ரூடோ அம்மாவின் சட்டம் என்னவாயிற்று என்று நீ எழுதவே இல்லை. தோற்றுப்போனால் திரும்பவும் எழுந்து நிற்கச் சொல், கெடாவில் ஒரு பால்வெட்டுக்காரி சொன்னதாகச் சொல். கால் வலித்தால் அந்தப் பலகைப் பெட்டிமேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளச் சொல், நான் அன்றைக்கு அப்படி ஒன்று இல்லாமல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, இரட்டை டூட்டி பார்க்காதே, ஞாயிறு பூசையை விடாதே. நான் சொன்ன பொய்யை நீ மன்னிக்க அவசரப்பட வேண்டாம், நானே பத்து வருஷம் எடுத்துக்கொண்டேன், நீயும் வேண்டிய நாள் எடுத்துக்கொள். ஆனால் கடிதம் போடுவதை நிறுத்தாதே. வானத்துச் சம்மனசுகள் உன் கட்டிலுக்குக் காவல் இருக்கட்டும், மாதாவின் முக்காடு உன்மேல் இருக்கட்டும், அப்பாவின் ஆசியும் உனக்கு உண்டு.

ஒன்றை மறக்காதே. இனிமேல் மோரிஸ் விலாசம் வேண்டாம், தோட்டத்து விலாசத்துக்கே போடு. உறையின் மேல் சிரில் மனைவி என்றோ மோரிஸ் தாயார் என்றோ எழுதாதே, என் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் எழுது. பெரட்டில் நானே கூப்பிட்டு நானே வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரோசம்மா
கிளைத் தலைவி, இரண்டாம் டிவிஷன்